கார்பன் துணி வாங்குறதுக்கு முன்னாடி, வெயிலையும் கணக்குல எடுங்க

ஃபார்முலா டீம்ல புதுசா சேர்ற ஜூனியர் கேட்கிற முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "அண்ணா, பாடிய கார்பன் ஃபைபர்ல பண்ணலாமா?" கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடக்கும் ஃபார்முலா பாரத் போட்டிக்கு வர்ற பெரிய டீம்களோட கறுப்பு மூக்கைப் பார்த்தா யாருக்கும் அந்த ஆசை வரும். பண்ணலாம். தர்மபுரியில ஒரு சாதாரண ஷெட்லயே பண்ணலாம். ஆனா அந்தப் பாகம் நிக்குமா, தொங்குமான்னு முடிவு பண்றது துணி இல்லை. ரெசினும் நம்ம ஊர் வெயிலும்தான்.

ஒகேனக்கல் பரிசலைப் பார்த்திருப்பீங்க. மூங்கில் பத்தைகளைக் குறுக்கும் நெடுக்குமா பின்னி, வெளியே பிளாஸ்டிக் ஷீட்டும் தாரும் பூசுறாங்க. சுமையைத் தாங்குறது மூங்கில். தண்ணியை நிறுத்துறது தார். கார்பன் பாகமும் ஏறக்குறைய இதே மாதிரிதான். ஒரு சின்ன வித்தியாசம் உண்டு: இங்கே ரெசின் வெறும் பூச்சு இல்லை, ஒவ்வொரு இழையையும் பக்கத்து இழையோட ஒட்டிப் பிடிக்கிறதும் அதுதான். '3கே' துணின்னா ஒரு கற்றையில் 3000 இழைகள்; ஒவ்வொண்ணும் சுமார் 7 மைக்ரான். இதுல ஒரு இழை காய்ந்தே கிடந்தாலும் அது சும்மா கூட வர்ற பயணிதான்.

இப்போ கணக்கு. "கார்பன் இரும்பை விட ஸ்டிஃப்" என்று எல்லாரும் சொல்வாங்க. இழை மட்டும்னா உண்மை: அதுக்கு 230 ஜிகா பாஸ்கல், ஸ்டீலுக்கு 200. ஆனா நெய்த துணியில் பாதி இழை ஒரு திசை, மீதி பாதி குறுக்குத் திசை. கையால பூசும்போது துணி எடைக்குச் சமமா ரெசின் போகும். கனத்தில் இழையோட பங்கு 40 சதவீதத்தைத் தொடாது. கடைசியில் கைக்கு வர்றது ஏறத்தாழ 45 ஜிகா பாஸ்கல். ஸ்டீல்ல கால்வாசிகூட இல்லை!

அப்புறம் எதுக்கு கார்பன்? தகடு வளையாம நிக்கிறது தடிமனோட கனமூலத்தை இல்லை, கனத்தைப் பொறுத்தது. தடிமன் இரு மடங்கானா விறைப்பு எட்டு மடங்கு. அதனால 0.7 மி.மீ. ஸ்டீல் தகட்டோட விறைப்பு வேணும்னா சுமார் 1.15 மி.மீ. கார்பன் போதும். சதுர மீட்டருக்கு 200 கிராம் துணியில் நாலு லேயர். ஸ்டீல் சதுர மீட்டருக்கு 5.5 கிலோ, இது 1.6 கிலோ. அதே கணக்கை கண்ணாடி இழைத் துணிக்குப் போட்டா 2.7 கிலோ வரும். அதாவது பல மடங்கு குறைஞ்ச விலையில் பாதி எடை அப்பவே போயிடுது. என்னைக் கேட்டா, முதல் பாகத்தை கண்ணாடி இழையிலேயே செய்ங்க. கை பழகின பிறகு கார்பன்.

மோல்டுக்குத் தெர்மாகோலைச் செதுக்கி, பட்டி பூசித் தேய்ச்சு, மெழுகு நாலஞ்சு தடவை போட்டு, அதுமேல கண்ணாடி இழையில் ஒரு பெண் அச்சு எடுக்கலாம். ஒரே எச்சரிக்கை: பாலியஸ்டர் ரெசின் தெர்மாகோல்ல நேரா பட்டா அதைக் கரைச்சுத் தின்னுடும். எபாக்ஸி அப்படிச் செய்யாது.

எபாக்ஸி கலக்குறதுலதான் பலரும் மாட்டிக்கிறாங்க. பாலியஸ்டர்ல பழகின ஃபைபர் ஷெட் அண்ணன்கள், சீக்கிரம் காயணும்னா ஹார்டனரைக் கொஞ்சம் கூட்டி ஊத்துவாங்க. அங்கே அது வினையூக்கி, அளவோட கூட்டிக் குறைச்சா சமாளிக்கலாம். எபாக்ஸியில் ஹார்டனர் வினையிலேயே பங்கெடுக்குது. கூடினாலும் குறைஞ்சாலும் மிச்சம் உள்ளேயே தங்கி, பாகம் எப்பவும் பிசுபிசுன்னுதான் இருக்கும். நம்ம லேப்கள்ல அதிகம் புழங்குற எல்ஒய் 556, எச்ஒய் 951 ஜோடிக்கு எடையில் 100-க்கு 10. கண்ணளவு வேண்டாம், டிஜிட்டல் தராசு வேணும்.

பொதுவா 10 டிகிரி கூடினா வினை வேகம் இரு மடங்காகும்னு படிச்சிருக்கோம். 25 டிகிரியில் அரை மணி நேரம் கையாள முடிஞ்ச கலவை, சித்திரை மாச மதியம் 37 டிகிரியில் கால் மணி நேரம்கூட நிக்காது. போதாக்குறைக்கு, ஆழமான டம்ளர்ல கலந்து வெச்சா அதோட சூடே அதைச் சூடாக்கிப் புகைய ஆரம்பிச்சுடும். கொஞ்சம் கொஞ்சமா கலந்து, அகலமான தட்டுல ஊத்துங்க. விடியக்காலையில் வேலையை முடிச்சுடுங்க.

துணியை வெட்டுற கோட்டில் முதல்ல மாஸ்கிங் டேப் ஒட்டிட்டு, டேப் நடுவே வெட்டினா ஓரம் பிரியாது. மடிக்காம, சுருட்டி வைங்க.

அடுத்தது யாரும் சொல்லித்தராத விஷயம். அறை வெப்பத்தில் காய்ந்த எபாக்ஸி கல்லு மாதிரித் தெரிஞ்சாலும், பெரும்பாலும் 50, 60 டிகிரியிலேயே இளக ஆரம்பிச்சுடும். கறுப்பு பானட் மே மாச வெயில்ல நின்னா 70 டிகிரி சாதாரணம், கீழே இன்ஜின் சூடு வேற. மார்கழியில் கண்ணாடி மாதிரி இருந்த பாகம் கோடையில் தொய்யுறது இதனாலதான். மருந்து போஸ்ட் க்யூர்: ஒரு நாள் காய்ந்த பிறகு, மோல்டுலயே வெச்சு, பிளைவுட் பெட்டிக்குள்ள மணிக்கு 10 டிகிரி கணக்கில் 80 வரைக்கும் ஏத்தி, சில மணி நேரம் வெச்சு, மெதுவா ஆற விடணும். தெர்மாகோல் மேலேயே வெச்சு இதைச் செய்யாதீங்க. அது அதுக்கு முன்னாடியே தளர்ந்துடும்.

தேய்க்கும்போது தண்ணி விட்டுத் தேய்ங்க, மாஸ்க் கட்டாயம். கார்பன் தூசு மின்சாரம் கடத்தும். எலக்ட்ரானிக்ஸ் லேப் பக்கமே வேண்டாம். அலுமினிய பிராக்கெட் பொருத்துற இடத்தில் நடுவே ஒரு லேயர் கண்ணாடி இழை வைங்க, இல்லேன்னா ஈரத்தில் அலுமினியம் அரிச்சுடும்.

மூக்கு, பக்கப் பேனல், விங் இதெல்லாம் செய்ங்க. ஆளைத் தொடக்கூடிய முன்விளிம்புக்கு ஃபார்முலா ஸ்டூடன்ட் விதியில் 38 மி.மீ. வளைவு இருக்கு, அதை டிசைன்லயே போட்டுடுங்க. ஆனா அப்பாவோட காருக்கு பம்பர் செய்யக் கிளம்பாதீங்க. ஸ்டீல் மடங்கி மோதலை வாங்கிக்கும். கையால் போட்ட கார்பன் திடீர்னு உடைஞ்சு கத்தி மாதிரிச் சில்லாகும். தொப்பூர் கணவாய் இறக்கத்தில் அதைப் பரீட்சை பண்ண வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவும் இருக்கு.

பெரிய பாகத்துக்கு முன்னாடி அதே ரெசின்ல, அதே லேயர்ல ஒரு சாண் துண்டு போட்டுப் பாருங்க. மதிய வெயில்ல மொட்டை மாடியில் ரெண்டு செங்கல்லுக்கு நடுவே வெச்சு, மேல அரை கிலோ எடை. சாயங்காலம் ஒரு ஸ்கேலை அதுமேல வைங்க. இடைவெளி தெரிஞ்சா, இன்னும் துணியை வெட்டாதீங்க.