முதலாண்டு வகுப்பு: ஆசிரியர்களுக்குச் சில குறிப்புகள்

கோவைக் கல்லூரிகளில் பொள்ளாச்சி, அவிநாசி, கோபி பக்கமிருந்து தமிழ்வழியில் படித்து வருபவர்கள் பலர். அவர்களுக்காக:

● கலைச்சொல்லை இரு மொழியிலும் பலகையில் எழுதுங்கள். ‘வெலாசிட்டி’ புரியாதவருக்குத் ‘திசைவேகம்’ தெரிந்திருக்கும்.

● கேள்வி கேட்டதும் யாரையும் எழுப்பாதீர்கள். பக்கத்தில் இருப்பவரோடு ஒரு நிமிடம் பேசவிட்டுப் பதில் கேளுங்கள்.

● வகுப்பு முடியும்போது, புரியாததைப் பெயரில்லாத துண்டுச்சீட்டில் எழுதி வாங்குங்கள். மறுநாள் அதிலிருந்தே தொடங்குங்கள்.

● பஸ் தாமதமாகி வருபவரை வாசலில் நிறுத்தாதீர்கள். காரணத்தைப் பிறகு தனியே கேளுங்கள்.

● மாணவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் தமிழக அரசின் ‘தமிழ்ப் புதல்வன்’ திட்டம் 2024-ல் கோவை அரசு கலைக் கல்லூரியில்தான் தொடங்கியது. மாணவியருக்குப் ‘புதுமைப் பெண்’ உண்டு. தகுதியுள்ளவர்கள் விண்ணப்பித்தார்களா என்று விசாரியுங்கள்.

கண்டிப்பு இருக்கட்டும், நாலு பேர் முன்னால் மட்டும் வேண்டாம்.