நுழைவுரிமைப் பட்டியல்களும் யாழ்ப்பாணத்துக் குடிபெயர்வும்

வீசா என்னுஞ் சொல் இலத்தீன் மொழியினின்றும் பிறந்தது. 'பார்வையிடப்பட்ட தாள்' என்பது அதன் முதற்பொருள். ஒரு நாட்டின் அலுவலர் பிறநாட்டாரின் கடவுச்சீட்டைப் பார்வையிட்டு, வரலாம் என ஒப்பமிடுதலே அதன் தொழில். இச் சிறு முத்திரை யாழ்ப்பாணத்து இல்லங்களில் இன்று பெற்றிருக்கும் இடமோ மிகப் பெரிது. காணி ஈடு வைக்கப்படுவதும், திருமணம் நிச்சயிக்கப்படுவதும் ஒத்திவைக்கப்படுவதும், உயர்தர வகுப்பில் எப் பாடங்களைக் கற்பதென மாணாக்கர் தெரிவதும் பல வீடுகளில் அதனையொட்டியே நிகழ்கின்றன. ஆயினும், எந் நாடு எவ்வகையினருக்கு எத்தனை அனுமதிகளை வழங்குகின்றது என்பதைக் காட்டும் அரசாங்கப் பட்டியல்களை நம்மவர் படிப்பது அரிது. முகவர் சொல்வதையும் முன் சென்றோர் சொல்வதையுமே நம்புகின்றனர். அப் பட்டியல்களை எங்ஙனம் படித்தல் வேண்டும் என்பதை, நம் குடாநாட்டார் சென்ற வழிகளையே உதாரணமாகக் கொண்டு ஆராய்வது இக் கட்டுரையின் நோக்கமாகும்.

வாயிலில் நிற்பவனிடம் கேட்கப்படும் வினாக்கள் இரண்டு. நீ எந் நாட்டான் என்பது ஒன்று. எதன்பொருட்டு வருகின்றாய் என்பது மற்றொன்று. முன்னதை நாட்டளவை என்றும் பின்னதை வகையளவை என்றும் வழங்குவோம். எல்லாப் பட்டியல்களும் இவ்விரு அளவைகளாலேயே வகுக்கப்படுகின்றன. எந்த அளவை எக் காலத்தில் மேலோங்கி நின்றது என்பதை அறியாதவனுக்கு அவற்றிலுள்ள எண்கள் ஊமை எண்களே.

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயா சென்ற நம் முன்னோரை இவ்விரு வினாக்களும் வருத்தவில்லை. மிசன் பள்ளிகளிலும் சைவப் பள்ளிகளிலும் ஆங்கிலங் கற்ற இளைஞர் கப்பலேறிப் பினாங்கில் இறங்கினர்; புகையிரதப் பகுதியிலும் நில அளவைப் பகுதியிலும் எழுதுவினைஞராய் அமர்ந்தனர். அவர்கள் பிரித்தானியப் பிரசைகள் என்பதே போதியதாயிருந்தது. 1933இல் மலாயாவில் அந்நியர் சட்டம் பிறந்து, சீனாவிலிருந்து வருவோர்க்குத் தொகை வரம்பு விதிக்கப்பட்டபோதும், பிரித்தானியப் பிரசைகளாகிய இலங்கையரை அது தீண்டவில்லை. ஒரே துறைமுகத்தில் ஒரே நாளில் இறங்கும் இருவருள் ஒருவனுக்கு வரம்பு, மற்றவனுக்கு வழி! நாட்டளவை நமக்குச் சாதகமாயிருந்த காலம் அது. 1953இல் அங்கே புதிய குடிவரவுச் சட்டம் நடைமுறைக்கு வந்து, குறித்த வகையினரன்றிப் பிறர் புகல் அரிதாயிற்று. நம் கிராமங்களில் 'மலாயாப் பென்சன்காரர்' என்றொரு கூட்டத்தார் நெடுங்காலம் வாழ்ந்தனர். அவர்களின் மக்களோ அவ்வழியே திரும்பிச் செல்ல இயலாதவராயினர்.

அதே நாட்டளவை பிற நாடுகளில் நமக்கு எதிராக நின்றது. ஐக்கிய அமெரிக்கா 1924ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஆசியரின் குடிவரவைப் பெரும்பாலும் அடைத்தது. 1952ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இலங்கைக்கு ஆண்டொன்றுக்கு 100 இடங்களே கிடைத்தன. கனடா 1951இல் செய்த உடன்படிக்கைகளின்படி இந்தியாவுக்கு 150, பாக்கிஸ்தானுக்கு 100, இலங்கைக்கு 50 என வரையறுத்தது. சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள், பறங்கியர் யாவர்க்குஞ் சேர்த்து ஐம்பது! அவ்வாண்டுகளின் கனேடியப் பட்டியலை நோக்கி, இலங்கையருக்குக் கனடா செல்லும் விருப்பம் இருந்திலது என ஒருவன் முடிவுகட்டுவானாயின் அது பெரும் பிழையாகும். அங்கே எண்ணப்பட்டது விருப்பமன்று, கதவின் அகலமே.

அவுஸ்திரேலியாவின் முறை இன்னும் விசித்திரமானது. 1901ஆம் ஆண்டுச் சட்டம் எந் நாட்டாரையும் பெயர் கூறி விலக்கவில்லை. ஐரோப்பிய மொழியொன்றிற் சொல்வதெழுதுதற் பரீட்சை வைத்தது. மொழியைத் தெரிபவர் அலுவலராதலின், விலக்க விரும்பியவனை அவன் அறியாத மொழியால் விலக்கலாம். நாள்தோறும் மாணவர்க்குச் சொல்வதெழுதுதல் கொடுக்கும் என் போன்ற மொழியாசிரியர், நம் தொழிற்கருவி இங்ஙனம் பழுதுபட்டதை எண்ணி நாணவேண்டியதுதான். 1958இல் அப் பரீட்சை ஒழிந்தது. எனினும் இலங்கையிலிருந்து புக விரும்பிய பறங்கியர் தம் ஐரோப்பிய வழித்தோன்றலைக் காட்டவேண்டியிருந்தது. 1966இல் விதிகள் தளர்ந்தன. 1973இல் இனவேறுபாடு அறவே நீக்கப்பட்டது.

1960களில் அளவை மாறத் தொடங்கிற்று. பிரித்தானியா அதுவரை பொதுநலவாய நாட்டார் யாவர்க்குந் திறந்திருந்தது. 1962ஆம் ஆண்டுச் சட்டம் வவுச்சர் என்னுந் தொழிற்சீட்டை மூவகையாக்கியது: வேலை உறுதிபெற்றோர்க்கு முதல் வகை, குறித்த தகைமையுடையோர்க்கு இரண்டாவது, ஏனையோர்க்கு மூன்றாவது. 1965இல் மூன்றாம் வகை நீக்கப்பட்டு, மொத்தம் ஆண்டுக்கு 8,500 எனவும், அதில் 1,000 மால்ற்றாத் தீவுக்கு எனவும் குறுக்கப்பட்டது. மருத்துவர்க்கும் பொறியியலார்க்கும் இடம் இருந்தது. தோட்டஞ் செய்வோன் மகனுக்கு இல்லை. கனடா 1967இல் புள்ளி முறையைக் கொணர்ந்தது. கல்வி, வயது, தொழில், மொழியறிவு முதலியவற்றுக்கு நூறு புள்ளிகள். ஐம்பது பெற்றோர் செல்லலாம். பிறந்த நாடு அதில் இடம்பெறவில்லை. 1970களின் தொடக்கத்தில் பல்கலைக்கழகப் புகுமுகத் தரப்படுத்தல் வந்தபோது, நம் மாணாக்கர் பலர் மாணவர் வகையில் இலண்டன் செல்லத் தலைப்பட்டமையையும் இதனோடு சேர்த்து நோக்குக. கதவு திறந்திருந்தமை மட்டுமன்று, இங்கே ஒரு கதவு ஒடுங்கினமையும் அவ்வெண்ணை உயர்த்திற்று.

1983ஆம் ஆண்டு ஆடிக் கலவரத்தின் பின்னர் நிகழ்ந்தனவற்றைச் சற்று விரிவாகக் கூறல் வேண்டும்; பட்டியல்களைப் படிப்போர் பெரிதும் இடறுமிடம் இதுவே. அகதி என்பது தூதரகத்தில் விண்ணப்பித்துப் பெறும் சாதாரண வீசா வகையன்று. ஒருவன் வேறேதோ வழியால் ஒரு நாட்டின் மண்ணை மிதித்த பின்னரே அப் பெயரைக் கோருகின்றான். ஆதலின் அவன் நுழைவனுமதிப் பட்டியலில் இல்லை. புகலிடங் கோரியோர் பட்டியலிலேயே தோன்றுகின்றான். 1985 மே மாதத்தில் பிரித்தானியா இலங்கையர்க்கு வீசாவைக் கட்டாயமாக்கியது. பொதுநலவாய நாடுகளுள் இங்ஙனம் விதிக்கப்பட்ட முதல் நாடு நம் நாடே. இந்தியா, பாக்கிஸ்தான், வங்காளதேசம், நைஜீரியா, கானா ஆகியவற்றுக்கு அடுத்த ஆண்டில் அவ்விதி பரவிற்று. அதே 1985இல், கிழக்குப் பேர்லின் வழியாய் வீசாவின்றி மேற்குப் பேர்லின் சென்ற நம்மவரின் வழியும் அடைபட்டது. புறந்தள்ளப்பட்டிருந்த நாட்டளவை மீண்டுந் தலைதூக்கிய காலம் அது.

வழி அடைபட்டதனாற் பயணம் நின்றதா? 1986 ஆகத்து மாதத்தில், நியூபவுண்லாந்துக் கரைக்கப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழரை மீனவர் மீட்டனர். அவர்கள் மேற்கு ஜெர்மனியிலிருந்து கப்பலேறி வந்தோர். கனேடிய அரசு அவர்கட்கு அமைச்சரின் விசேட அனுமதியை ஓராண்டுக்கு வழங்கி, வேலை செய்யவும் இடமளித்தது. அந்த 155 பேர் தொழிலாளர் வகையுமல்லர், மாணவர் வகையுமல்லர், புள்ளி பெற்றோருமல்லர். கல்வியால் எவ்வளவு தகைமையுடையோர் அவர்களுள் இருந்தனர் என்பதை எந்த நிரலுங் காட்டாது. 1951இல் இலங்கை முழுமைக்கும் ஓராண்டுக்கு வகுத்த இடங்களின் மும்மடங்கினர் இரண்டு படகுகளில் வந்துசேர்ந்தனர்.

அண்மைக் காலத்து உதாரணம் ஒன்றையும் மாணாக்கர் மனத்திற்கொள்வாராக. பிரித்தானியா 2022 பெப்ரவரியில் முதியோர் பராமரிப்பு வேலையைச் சுகாதாரப் பராமரிப்பு வீசாவில் இலகுவாய்ப் பெறும் வகைகளுட் சேர்த்தது. 2023இல் அவ்வீசா பெற்ற தலைமை விண்ணப்பகாரர் சுமார் 146,000 பேர். 2024இல் சுமார் 27,000 பேர். ஒரே ஆண்டில் ஐந்திலொன்றுக்குங் குறைந்ததற்கு விதிமாற்றமும், வேலை கொடுப்போரை அரசு இறுக்கிச் சோதித்தமையுமே பெருங் காரணம். 2024 மார்ச்சு முதல் பராமரிப்பாளர் தம் குடும்பத்தாரை அழைத்துச் செல்லல் தடுக்கப்பட்டது. 2025 யூலையில் வெளிநாட்டிலிருந்து பராமரிப்பாளரைப் புதிதாய் அழைக்கும் வழியே மூடப்பட்டது. 2023ஆம் ஆண்டின் எண்ணைக் காட்டி 2025இற் பணம் வாங்கும் முகவன் சொல்வது பொய்யன்று; காலங் கடந்த மெய். காணியை ஈடுவைத்தவனுக்கு இரண்டும் ஒன்றே.

அவுஸ்திரேலியாவின் பட்டியல் தெளிவுடையது, பயிற்சிக்கு ஏற்றது. அங்கே ஆண்டென்பது யூலையில் தொடங்கி அடுத்த யூனில் முடியும். 2024–25ஆம் ஆண்டின் நிரந்தரக் குடிவரவுத் திட்டத்தில் 185,000 இடங்கள். அவற்றுள் தொழிற்றிறன் வகைக்கு 132,200. குடும்ப வகைக்கு 52,500. எஞ்சிய 300 சிறப்பு வகைக்கு. அகதிகளுக்கும் மனிதாபிமான வகையினருக்கும் உரிய 20,000 இதற்குப் புறம்பானது. மாணவர் வீசா தற்காலிகமானதாதலின் இத் தொகையிற் சேராது. மாணவராய்ச் செல்வோர் யாவரும் நிரந்தர வாசிகளாவர் எனக் கருதுவோர் இவ்விரண்டையுங் கலந்து மயங்குகின்றனர்.

குடும்ப வகையை மேலும் பிரித்து நோக்குவோம். வாழ்க்கைத் துணைவர்க்கு 40,500 இடங்கள்; பிள்ளைகட்கு 3,000; பெற்றோர்க்கு 8,500; ஏனைய உறவினர்க்கு 500. பெற்றோர்க்குரிய இடங்கள் இலங்கைக்கு மட்டுமல்ல, உலகத்து நாடுகள் அனைத்துக்கும் உரியவை. ஆதலின், பெருந்தொகை கட்டாத சாதாரணப் பெற்றோர் வீசாவுக்குக் காத்திருக்குங் காலம் முப்பது ஆண்டுகளுக்கும் மேற்பட்டது. பெருந்தொகை கட்டுவோரும் பத்தாண்டுகளுக்கு மேற் காத்திருக்கவேண்டும். நம் வீதிகளிற் பூட்டிய வீடுகளுக்கு நடுவே, திண்ணையில் தனித்திருக்கும் அறுபத்தைந்து வயதுத் தாயொருத்தி இன்று விண்ணப்பித்தால், அவள் முறை வருங்காலத்து அவளுக்குத் தொண்ணூற்றைந்து கடந்திருக்கும். மூன்று மாதத்துக்கோ ஓராண்டுக்கோ பேரப்பிள்ளைகளைப் பார்த்து மீள அவளுக்குக் கிடைப்பது வருகையாளர் வீசா. அது தற்காலிகப் பட்டியலில், சுற்றுலாப் பயணிகளோடு ஒன்றாக எண்ணப்படுகின்றது.