யூட்டாவின் ஈரக் களிமண்ணில் டிரக் கேம்பர்: எதை வாங்குவது, எப்போது நிற்பது

அமெரிக்காவின் தெற்கு யூட்டாவில், கிராண்ட் ஸ்டேர்கேஸ்-எஸ்கலான்டே தேசிய நினைவுப் பகுதிக்குள் ஓடும் காட்டன்வுட் கேன்யன் மண்சாலை ஏறத்தாழ 47 மைல். காய்ந்த நாளில், அடிப்பாகம் உயரமான வண்டி எதுவானாலும் போய்விடலாம். ஒரு நல்ல மழை பெய்துவிட்டால் நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டியும் அங்கே வழுக்கும். பழைய எரிமலைச் சாம்பலிலிருந்து உருவான பென்டோனைட் கலந்த களிமண் அது. நீரை உறிஞ்சி உப்பும், பிறகு எண்ணெய் தடவிய தரைபோல ஆகிவிடும். இப்படிப்பட்ட சாலைகளுக்குத்தான் கேம்பர் (பிக்கப் டிரக்கில் ஏற்றிச் செல்லும் தங்குமறை) தேடுகிறீர்கள் என்றால், உள்ளே எத்தனை வசதி என்பதைவிட எடை எவ்வளவு என்பதை முதலில் கேளுங்கள்.

பிக்கப்பின் முதுகில் ஏற்றும் கேம்பரில் இரண்டு வகை உண்டு. கெட்டிச் சுவர் கொண்டது குளிருக்கு இதம். கழிப்பறையும் பெரிய சமையல் மேடையும் கிடைக்கும். ஆனால் வெற்று எடையே பெரும்பாலும் ஒரு டன்னை நெருங்கும் அல்லது தாண்டும், உயரமும் அதிகம். கூரையை மடக்கி இறக்கும் பாப்-அப் வகை அதில் பாதி எடையில்கூடக் கிடைக்கும். கூரை இறங்கியிருக்கும்போது ஈர்ப்பு மையமும் தாழ்ந்துவிடும். மண்சாலைகளை நடுவே மேடாகவும் ஓரங்கள் சரிவாகவும் அமைப்பார்கள். சகதியில் வண்டி அந்தச் சரிவு வழியே பள்ளத்துக்கு நழுவும். உயரமும் எடையும் கூடக்கூட அதைத் தடுத்து மீட்பது கடினம். சரளை போட்ட சாலையோடு நிறுத்திக்கொள்பவர் கெட்டிச் சுவரை வாங்கலாம். களிமண்ணுக்குப் பாப்-அப் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

எதை வாங்கினாலும், ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் சுமை அளவைப் பாருங்கள். அது அந்த ஒரு வண்டிக்கே உரிய எண். 75 லிட்டர் தண்ணீர் என்றாலே 75 கிலோ. ஆட்கள், எரிவாயு உருளை, பேட்டரி எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் அரை டன் வகுப்பு பிக்கப்புகள் எளிதில் வரம்பைத் தாண்டிவிடும்.

டயரில், அகலப் பள்ளங்கள் கொண்ட மட்-டெரெயின் வகை வேகமாகச் சுழலும்போதுதான் சேற்றை உதறும். கேம்பரைச் சுமந்துகொண்டு அந்த வேகத்தில் போகக் கூடாது. தார்ச்சாலையில் அதன் இரைச்சலும் தொல்லை. சுமைக்கேற்ற ஆல்-டெரெயின் போதும். காற்றைக் குறைத்தால் பிடி கூடும்தான். ஆனால் இத்தனை எடையோடு, காலி ஜீப்புக்குக் குறைக்கும் அளவுக்குக் குறைக்க முடியாது. திரும்ப நிரப்பக் கம்ப்ரஸர் வேண்டும்.

டிஃபரென்ஷியல் லாக்கா, டயரில் மாட்டும் சங்கிலியா? லாக் மாட்டிய பின்சக்கரங்கள் இரண்டும் சேர்ந்தே சுழல்வதால், பக்கச் சரிவில் பின்பாகம் விலகிப் பள்ளத்தில் இறங்கிவிடும். களிமண்ணில் சங்கிலி மேல். நான்கு சக்கரத்துக்கும் இருந்தால் இன்னும் நல்லது, திருப்பும் கட்டுப்பாடு கைவிடாது. வின்ச்சை (வண்டியைக் கயிற்றால் இழுத்து மீட்கும் கருவி) நம்பிப் போகிறவர்கள், கயிற்றைக் கட்ட மரம் கிடைக்காத இடங்களும் இங்கே உண்டு என்பதையும் நினைக்க வேண்டும்.

போவதா, நிற்பதா என்பதுதான் பெரிய கேள்வி. நில்லுங்கள். படுக்கையும் அடுப்பும் முதுகிலேயே இருக்கும்போது அவசரம் எதற்கு? வெயிலும் காற்றும் இருந்தால் பெரும்பாலும் ஓரிரு நாளில் சாலை இறுகிவிடும். ஈரத்தில் ஓட்டிப் பதித்த தடங்களோ காய்ந்து கல்லாகி, பின்னால் வருவோரை வதைக்கும். ஜூலை முதல் செப்டம்பர் வரை பிற்பகல் இடிமழைக் காலம்; ஓடைப் படுகையில் ஒருபோதும் தங்காதீர்கள், எங்கோ பெய்த மழை அங்கே வெள்ளமாக வரும். குளிர்காலத்தில் விடிகாலையில் உறைந்து கெட்டியாக இருக்கும் சேறு நண்பகலுக்குள் இளகிவிடும். எனவே விடியும் முன்பே கிளம்புங்கள். கேனாப், கேனன்வில் ஊர்களில் உள்ள பார்வையாளர் மையங்களில் சாலை நிலவரம் சொல்வார்கள். உள்ளே பல இடங்களில் கைபேசி எடுக்காது. அதனால் திட்டமிட்டதைவிட மூன்று நாளைக்கு அதிகமாகத் தண்ணீரும் உணவும் ஏற்றிக்கொள்ளுங்கள். அந்த எடையையும் சுமைக் கணக்கில் சேருங்கள்.