ஒலி எந்த மடையில் நின்றது? லினக்ஸ் கணினியில் ஒரு செய்முறைப் பாடம்

கேட்டல் திறன் பயிற்சிக்கான காணொலி திரையில் ஓடுகிறது. ஒலி மட்டும் வரவில்லை. லினக்ஸ் கணினியின் உட்கரு, அதாவது கெர்னல், அண்மையில் மேம்படுத்தப்பட்டிருந்தால் முதலில் அதையே ஐயுற வேண்டும். இயக்க அமைப்பை அழித்துவிட்டு மீண்டும் நிறுவ அவசரப்பட வேண்டாம். மாணவர்கள் சேமித்த கோப்புகளும் அழிந்துவிடக்கூடும்.

2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் வழியே, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் நம் மாணவர்களின் கைக்கு வந்தது. அது டெபியனை அடிப்படையாகக் கொண்டது. கீழ்க்காணும் முறை அதற்கும் உபுண்டுவிற்கும் பொருந்தும்.

தஞ்சை மாணவர்களுக்கு இதை விளக்குவது எளிது. மேட்டூரில் திறந்த நீர் கல்லணையில் பிரிந்து, ஆறு, வாய்க்கால், மடை எனக் கடந்தே வயலை அடைகிறது. கடைமடைக்கு நீர் வராவிட்டால் அடைப்பு எங்கே என்று வாய்க்கால் வழியே தேடிச் செல்வர். கணினியில் ஒலி செல்லும் வழி இது: செயலி, ஒலிச் சேவையகம் (பல்ஸ் ஆடியோ அல்லது பைப்வயர்), கெர்னலில் உள்ள ஆல்சா இயக்கி, ஒலி அட்டை, ஒலிபெருக்கி.

தேடும் முறை

1. ஒலிபெருக்கியின் வடத்தையும் ஒலியளவையும் பார்க்கவும். வீழ்த்தி எச்டிஎம்ஐ வடத்தால் இணைக்கப்பட்டிருந்தால் ஒலி அதற்குத் திரும்பியிருக்கலாம். அமைப்புகளில் வெளியீட்டை மாற்றிப் பார்க்கவும்.

2. முனையத்தில் 'ஆல்சாமிக்சர்' கட்டளையை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் இடவும். 'எம்எம்' எனக் காட்டும் பகுதி ஒலி அடைக்கப்பட்டது. 'எம்' விசையை அழுத்தினால் திறக்கும்.

3. 'ஏபிளே -எல்' கட்டளை ஒலி அட்டைகளைப் பட்டியலிடும். அட்டை தெரிந்தால் அமைப்புகளையும் ஒலிச் சேவையகத்தையும் முதலில் சரிபார்க்கவும். தெரியாவிட்டால் கெர்னல் அதை அறியவில்லை.

4. கணினியை மீண்டும் தொடங்கி, கிரப் பட்டியலின் கூடுதல் தேர்வுகளில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுக்கவும். மேம்பாட்டின்போது முந்தைய கெர்னல் பொதுவாக அழிக்கப்படுவதில்லை. அதில் ஒலி வந்தால் பழுது புதிய கெர்னலோடு தொடர்புடையது என்பது உறுதி. அன்றைய வகுப்பும் தடைபடாது.

நிலையான தீர்வு

ஒலி அட்டைக்கான ஃபர்ம்வேர் தொகுப்பு விடுபட்டிருந்தால் நிறுவவும். தனியாகச் சேர்த்த இயக்கி எனில், புதிய கெர்னலுக்குரிய தலைப்புக் கோப்புகளை நிறுவி அதை மீண்டும் உருவாக்க வேண்டும். பழுது நீங்கும்வரை 'ஆட்டோரிமூவ்' கட்டளையைத் தவிர்க்கவும். அது பழைய கெர்னலை நீக்கிவிடக்கூடும்.

இனி மேம்பாட்டை முதலில் ஒரே ஒரு கணினியில் செய்து பார்க்கலாம். 'யுநேம் -ஆர்' காட்டும் கெர்னல் எண்ணை ஆய்வகப் பதிவேட்டில் முன்னும் பின்னும் குறித்து வைக்கலாம்.

வகுப்பறைச் செயல்பாடு

ஒலி செல்லும் வழியை மாணவர்கள் படமாக வரையட்டும். ஆசிரியர் வடத்தைக் கழற்றியோ, வெளியீட்டை மாற்றியோ, ஆல்சாமிக்சரில் ஒலியை அடைத்தோ வைக்கலாம். ஒவ்வொரு குழுவும் அடைப்பைக் கண்டறிந்து, எந்தச் சோதனையால் அறிந்தது என்பதையும் எழுதட்டும். விடையைவிட அந்தக் காரணத்திற்கே கூடுதல் மதிப்பெண் வழங்கலாம்.