ஐப்பசியில் தொடங்குங்கள், மெதுவாகத் தொடங்குங்கள்

பருவுக்கோ சுருக்கத்துக்கோ பூசச் சொல்லி தோல் டாக்டர் ட்ரெட்டினாயினோ அடாபலீனோ எழுதிக்கொடுத்தும், வெயில் தணியட்டும் என்று டியூபைப் பிரிக்காமல் வைத்திருப்பவர்கள் இந்த மாதம் பிரிக்கலாம். மழை தொடங்கிவிட்டது, காற்றில் ஈரம் இருக்கிறது. இப்போது ஆரம்பித்தால் பங்குனி வெயில் வருவதற்குள் நாலைந்து மாதம் கிடைக்கும். தோல் இந்த மருந்துக்குப் பழக அது தாராளமான அவகாசம்.

முதல் இரண்டு வாரம் மூன்று நாளைக்கு ஒரு ராத்திரி போதும். வெளிச்சம் பட்டால் ட்ரெட்டினாயின் சிதைந்துவிடும் என்பதால் பகலில் பூச வேண்டாம். முகத்தை மென்மையான ஃபேஸ்வாஷால் கழுவி, ஒற்றித் துடைத்து, அரைமணி நேரம் சும்மா விடுங்கள். ஈரத்தோடு பூசினால் எரிச்சல் கூடும். பிறகு முகம் முழுவதுக்குமாக ஒரே ஒரு பட்டாணி அளவு. நெற்றி, கன்னங்கள், மோவாய் என்று பொட்டுப் பொட்டாக வைத்து மெல்லப் பரப்புங்கள். பருவின் மேல் மட்டும் வைப்பதில் பயனில்லை. கண்ணுக்குத் தெரியாமல் அடைபட்டிருக்கும் துளைகளில்தான் அடுத்த பரு உருவாகிக்கொண்டிருக்கிறது. கண் இமை, மூக்கோரம், உதட்டு முனை இவற்றை விட்டுவிடுங்கள். கடைசியாக மாய்ஸ்சரைசர். வறண்ட தோல் உள்ளவர்கள் மருந்துக்கு முன்பும் ஒரு பூச்சு மாய்ஸ்சரைசர் போடலாம். எரிச்சல் இல்லையென்றால் மூன்றாம் வாரத்திலிருந்து ஒன்றுவிட்டு ஒரு ராத்திரி. தினமும் பூசுவதைக் கார்த்திகை முடிவில் யோசிக்கலாம். சிலருக்கு அது தேவைப்படவே படாது.

இவ்வளவு நிதானம் எதற்கு என்று கேட்பீர்கள். மாநிறத் தோலும் கறுத்த தோலும் எரிச்சலைச் சுலபத்தில் மறப்பதில்லை. சிவந்து உரிந்த இடம் ஆறிய பிறகும் கறுப்பாக நின்றுவிடும், மாதக்கணக்கில் போகாது. பருத்தழும்பைப் போக்கப் பூசிய மருந்தே புதுத் தழும்பைத் தந்துவிடக் கூடாது. அதிக வீரியமுள்ள டியூப் சீக்கிரம் குணமாக்கும் என்ற எண்ணமும் வேண்டாம். வெயிலில் முதிர்ந்த தோலுக்கு 0.025 சதவீத ட்ரெட்டினாயினையும் 0.1 சதவீத ட்ரெட்டினாயினையும் 48 வாரம் பூசி ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 1995-ல் வெளிவந்தது. பலன் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான்; 0.1 சதவீதத்தில் எரிச்சல் மட்டும் அதிகம்.

முதல் நான்கு முதல் ஆறு வாரம் லேசாக உரியும், இழுத்துப் பிடித்தாற்போல் இருக்கும், பரு கொஞ்சம் கூடுவதுபோலவும் தோன்றும். பலர் இந்த இடத்தில்தான் டியூபைத் தூக்கி எறிகிறார்கள். பொறுங்கள்; பரு அடங்குவது தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும், மெல்லிய சுருக்கங்களுக்கு ஆறு மாதமாவது வேண்டும். ஆனால் வெறும் தண்ணீர் பட்டாலே எரிகிறது, தோல் சிவந்து ரணமாகிறது என்றால் அது பழக்கம் அல்ல, காயம். அப்போது மருந்தை நிறுத்தி, மாய்ஸ்சரைசர் மட்டும் போட்டு, தோல் முழுக்க ஆறிய பின் இடைவெளியைக் கூட்டித் திரும்ப ஆரம்பியுங்கள். ஒரு வாரத்தில் ஆறவில்லையென்றால் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

பண்டிகைக் காலம் என்பதால் சில விஷயங்கள். தீபாவளி எண்ணெய்க் குளியலில் சீயக்காயும் கடலைமாவும் முகத்தில் பட்டுத் தேய வேண்டாம். எலுமிச்சைச் சாறு கூடவே கூடாது. பார்லரில் த்ரெடிங், வாக்ஸிங் செய்வதற்கு ஒரு வாரம் முன்பே மருந்தை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் நூலோடு தோலும் வந்துவிடும். தையில் கல்யாணம் வைத்திருப்பவர்கள் இந்த வாரமே தொடங்குங்கள், அல்லது முகூர்த்தம் முடிந்து தொடங்குங்கள். மார்கழியில் தொடங்கினால் மணமேடையில் முகம் உரிந்துகொண்டிருக்கும்.

இப்போது சொல்லப்போவதை வீட்டில் உள்ள எல்லோருக்கும் வாசித்துக் காட்டுங்கள். ட்ரெட்டினாயின் என்று அட்டையில் இருந்தாலே அது நாம் பேசும் மருந்து ஆகிவிடாது. ட்ரெட்டினாயினோடு ஹைட்ரோகுயினோனும் மோமெட்டசோன் என்ற ஸ்டீராய்டும் கலந்த கிரீம்கள் இருக்கின்றன. மங்குக்காக டாக்டர் சில வாரங்களுக்கு மட்டும் எழுதித்தருவது அது. அதை சிவப்பழகு கிரீம் என்று நம்பி, சீட்டு இல்லாமல் மெடிக்கல் ஷாப்பில் வாங்கி, வருடக்கணக்கில் பூசுகிற பெண்களும் பையன்களும் நம் ஊரில் ஏராளம். முதல் சில வாரம் முகம் பளபளக்கும். பிறகு தோல் மெலியும், ரத்த நாளங்கள் சிவப்புக் கோடுகளாகத் தெரியும், பரு வெடிக்கும், பெண்களுக்கும் முகத்தில் முடி வளரும். நிறுத்தினால் முகம் நெருப்பாய் எரியும், எனவே திரும்பவும் அதையே பூசுவார்கள். 2018-ல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. சட்டம் இருந்தும் விற்பனை ஓயவில்லை. உங்கள் டியூபின் பின்புறத்தை இன்றே படியுங்கள். அதில் மோமெட்டசோன், ஃப்ளூசினோலோன், பீட்டாமெத்தசோன் என்று ஏதாவது இருந்து, மாதக்கணக்கில் பூசியிருந்தால், நீங்களாக நிறுத்த வேண்டாம். தோல் டாக்டரைப் பாருங்கள்; படிப்படியாக விடுவிக்க வழி இருக்கிறது.

கர்ப்பமாக இருப்பவர்கள், குழந்தைக்குத் திட்டமிடுபவர்கள் இந்த வகை மருந்து எதையும் தொட வேண்டாம். அசெலாயிக் ஆசிட் போன்ற மாற்று உண்டு, கேட்டு வாங்குங்கள். பால் கொடுப்பவர்களும் டாக்டரிடம் சொல்லிவிட்டே பூச வேண்டும். பென்சாயில் பெராக்சைடும் சேர்த்து எழுதப்பட்டிருந்தால் அதைக் காலையில் போடுங்கள். ஒரே நேரத்தில் பூசினால் அது ட்ரெட்டினாயினைக் கெடுத்துவிடும். அடாபலீனுக்கு அந்தத் தொல்லை இல்லை.

மழை நாளில் சன்ஸ்கிரீனை விட்டுவிடுவதுதான் இந்தப் பருவத்தின் பெரிய தவறு. மேகம் புற ஊதாக் கதிரை முழுதும் தடுப்பதில்லை. எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாததை, இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கி, முகத்துக்கும் கழுத்துக்கும் காலையில் போடுங்கள். மங்கு உள்ளவர்கள் இரும்பு ஆக்சைடு சேர்ந்த, தோல் நிறத்திலான சன்ஸ்கிரீன் வாங்குங்கள்.

பரு போய்விட்டது என்று மாசியில் நிறுத்திவிடாதீர்கள். அப்போது வாரத்துக்கு எத்தனை ராத்திரி போதும் என்று டாக்டரிடம் கேளுங்கள். போகும்போது டியூபோடு முகத்தில் போடுகிற மற்ற எல்லாவற்றையும், கஸ்தூரி மஞ்சள் பொட்டலம் உட்பட, ஒரு பையில் எடுத்துச் செல்லுங்கள்.