கிணற்றுக்கும் கழிவுக்குழிக்கும் இடையே

இந்தத் தண்ணீரில் ஒளுச் செய்யலாமா என்று நம்மிடம் கேட்கிறார்கள். குடிக்கலாமா என்று கேட்பவர் குறைவு.

பாழ்நிலத்தில் ஒருவர் கிணறு தோண்டினால், சுற்றியுள்ள நிலமும் அதன் காப்பெல்லையாகிவிடும். இதற்கு ‘ஹரீம்’ என்று பெயர். ஹனஃபி நூலாகிய ஹிதாயா, கால்நடைகளுக்கு நீர் காட்டும் கிணற்றுக்கு 40 முழமும், ஊற்றுக்கு 500 முழமும் சொல்கிறது. ஷாஃபியீ மத்ஹபில் முழக்கணக்கில்லை, தேவையே அளவு. அதற்குள் வேறொருவர் தோண்ட வந்தால் தடுக்கலாம்.

கழிவுக்குழியைப் பற்றியும் ஃபுகஹாக்கள் பேசாமலில்லை. அசுத்தத்தின் அடையாளம் கிணற்றில் தெரியாத தூரம் வேண்டும் என்கிறது துர்ருல் முக்தார். மண் இறுகலா, இளகலா என்பதைப் பொறுத்து அத்தூரம் மாறும்.

நிறம், ருசி, வாடை மாறாவிட்டால் ஒளுக் கூடும், சரிதான். ஆனால் காலரா, டைபாய்டு கிருமிகளுக்கு நிறமேது, வாடையேது? “தண்ணீர் கண்ணாடி போலத்தானே இருக்கிறது” என்று சொல்லி, பள்ளிவாசல் கிணற்றுக்கு மேட்டுப்பக்கமாகவே கழிப்பறைக்குக் குழி வெட்டும் ஜமாஅத்துகளும் உண்டு! தெருவே குடிக்கும் தண்ணீர் அது.

குழி வெட்டுமுன் ஊற்று எப்பக்கமிருந்து வருகிறதென்று விவரமறிந்தவரிடம் கேளுங்கள். தாழ்ந்த பக்கம், தள்ளி வெட்டுங்கள். முன்பே வெட்டியிருந்தால் தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். முடிவு வரும்வரை கொதிக்கவைத்தே குடியுங்கள்.