கிணற்று நீர்மட்டமும் மாநிலத்தின் பொறுப்பும்

நீர்வளத்தைப் பேணுவது அரசின் கடமை என்று பொதுவாகக் கூறுகிறோம். அக்கடமை எவ்விடத்தில் தொடங்குகிறது என்பதைச் சற்று ஆராய்தல் நலம். நிலத்தடி நீரைப் பொறுத்தவரை, அது கிணற்றருகில் அளவு நாடாவுடன் நிற்கும் களப் பணியாளரிடத்தில் தொடங்குகிறது. மகாராஷ்டிர மாநிலத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை விளக்குவோம்.

பொறுப்பு யாருடையது?

இந்திய அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில், மாநிலப் பட்டியலின் 17ஆம் இனம் நீரை மாநிலங்களின் பொறுப்பில் வைத்துள்ளது. பல மாநிலங்களினூடே ஓடும் ஆறுகளை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் மட்டும், மத்தியப் பட்டியலின் 56ஆம் இனத்தின்படி பாராளுமன்றத்துக்கு உண்டு. ஆகவே கிணற்று நீரைக் காக்கும் முதற்பொறுப்பு மாநிலத்தையே சாரும்.

மகாராஷ்டிரத்தில் இப்பணிக்கென 1970களின் தொடக்கத்தில் நிலநீர் ஆய்வு வளர்ச்சி முகமை ஏற்படுத்தப்பட்டது. நிலத்தடி நீர் உள்ள இடங்களை ஆராய்தல், கண்காணிப்புக் கிணறுகளை அளத்தல், ஆண்டுதோறும் ஊறும் நீரையும் எடுக்கப்படும் நீரையும் மதிப்பிடுதல், குடிநீர்க் கிணறுகளுக்கு ஏற்ற இடம் காட்டுதல், அரசுக்குத் தொழில்நுட்ப ஆலோசனை கூறுதல் ஆகியவை அதன் கடமைகள். இவற்றுள் அளத்தலே ஏனையவற்றுக்கு அடிப்படையாகும்.

பாறையின் இயல்பு

மகாராஷ்டிரத்தின் பரப்பில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு பசால்ட் என்னும் எரிமலைப் பாறையால் ஆனது. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் அடுக்கடுக்காகப் பரவி இறுகிய குழம்பே இப்பாறை. இது மணலைப் போல நீரைத் தாராளமாகத் தேக்கி வைப்பதில்லை. வெடிப்புகளிலும், சிதைந்த மேற்பகுதியிலும், சிறு துளைகளிலுமே நீர் தங்குகிறது.

நீரில் ஊறிய பாறையிலிருந்து தானாக வடிந்து வரக்கூடிய நீரின் பங்கை ‘நீர் தரும் திறன்’ என்கிறோம். மணற்பாங்கான வண்டல் நிலத்தில் இது ஏறக்குறைய 16 விழுக்காடு. சிதைந்த பசால்ட்டில் ஏறக்குறைய 2 விழுக்காடே. ஆதலால் இங்குக் கிணற்றின் நீர்மட்டம் மழைக்காலத்தில் விரைவாக உயர்ந்து, கோடையில் விரைவாகத் தாழ்கிறது. நிறைந்த கிணற்றைக் கண்டு நீர்வளம் மிகுதி என்று எண்ணுவது தவறாகும்.

அளக்கும் முறை

கண்காணிப்புக் கிணறுகள் ஆண்டுக்கு நான்கு முறை அளக்கப்படுகின்றன. இவற்றுள் பருவமழைக்கு முந்திய மே மாத அளவும், அதற்குப் பிந்திய அக்டோபர் மாத அளவும் முக்கியமானவை. அளக்கும்போது மூன்று விதிகளைக் கடைப்பிடித்தல் வேண்டும்.

முதலாவது, ஒவ்வொரு முறையும் கைப்பிடிச் சுவரில் குறியிட்ட அதே இடத்திலிருந்து அளக்க வேண்டும். இரண்டாவது, அச்சுவரின் உயரத்தைக் கழித்து, தரைமட்டத்திலிருந்து நீர் உள்ள ஆழத்தையே பதிய வேண்டும். மூன்றாவது, நீர் இறைத்த உடனே அளக்கலாகாது. மட்டம் பழைய நிலைக்கு வரும்வரை காத்திருத்தல் அவசியம்.

ஒரு மீட்டர் பிழையின் விலை

ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பை எடுத்துக்கொள்வோம். அது 10 லட்சம் சதுர மீட்டர். மே மாதத்தைவிட அக்டோபரில் நீர்மட்டம் 4 மீட்டர் உயர்ந்திருந்தால், நீரில் புதிதாக ஊறிய பாறையின் கன அளவு 40 லட்சம் கன மீட்டர். இதில் 2 விழுக்காடு, அதாவது 80,000 கன மீட்டரே சேர்ந்த நீர். மழைக்காலத்திலேயே இறைக்கப்பட்ட நீரையும் இதனுடன் கூட்டினால், மழையால் ஊறிய மொத்த நீர் கிடைக்கும்.

இப்போது, பணியாளர் கைப்பிடிச் சுவரின் உயரத்தைக் கழிக்க ஒரு முறை மறந்ததால், உயர்வு 5 மீட்டர் என்று பதிவாகிவிட்டது எனக் கொள்வோம். கணக்கு 1,00,000 கன மீட்டர் என்று காட்டும். 20,000 கன மீட்டர் நீர் ஏட்டில் மட்டுமே இருக்கும். நாள் ஒன்றுக்கு ஒருவருக்கு 55 லிட்டர் வீதம், 1,000 பேர் வாழும் ஒரு சிற்றூருக்கு ஓராண்டுக்கு வேண்டிய நீரும் ஏறத்தாழ இதே அளவுதான். ஒரு கிணற்றின் அளவு பல சதுர கிலோமீட்டர்களுக்குப் பிரதிநிதியாகக் கொள்ளப்படுவதால், பிழையும் அத்தனை மடங்கு பெருகும். அதை நம்பிப் புதுக் கிணறுகள் தோண்டப்படுமானால், கோடையில் ஊர்ப் பொதுக்கிணறு வறண்டுவிடும்.

அளவும் சட்டமும்

ஆண்டில் எடுக்கத்தக்க நீரில் 70 விழுக்காட்டுக்கு மேல் எடுக்கப்படாத பகுதி பாதுகாப்பானது எனவும், 100 விழுக்காட்டைக் கடந்தது மிகைப் பயன்பாட்டுப் பகுதி எனவும் வகைப்படுத்தப்படுகின்றன. இவ்வகைப்பாடும் மேற்கூறிய கணக்கையே சார்ந்தது.

1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம், தன் நிலத்தடி நீரை எடுத்துக்கொள்ளும் உரிமையை நிலவுடைமையாளருக்கு ஏற்கிறது. இவ்வுரிமைக்கும் ஊரின் தாகத்துக்கும் இடையே எழும் பூசலைத் தீர்க்க மகாராஷ்டிரம் 1993இல் ஒரு சட்டம் இயற்றியது. பொதுக் குடிநீர்க் கிணற்றிலிருந்து 500 மீட்டருக்குள் அனுமதியின்றிக் கிணறு தோண்டுவதை அது தடுத்தது. பின்னர் 2009ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் விரிவான ஏற்பாடுகளைச் செய்தது. ஆயினும், உழவர் ஒருவரிடம் ‘இங்கே தோண்டாதீர்’ என்று கூறுமுன், அதற்கு ஆதாரமாக நேர்மையான அளவு இருத்தல் வேண்டும். அஃதில்லாவிடில் தடை அநீதியாகும், அனுமதியும் அபாயமாகும்.

ஆசிரியர்களுக்கு

பள்ளிக்கு அருகிலுள்ள கிணறு ஒன்றைத் தெரிந்தெடுத்து, பெரியவர் துணையுடன் மாதந்தோறும் ஒரே நாளில் மாணவர்களைக் கொண்டு அளக்கச் செய்யலாம். மழையளவையும் நீர்மட்டத்தையும் ஒரே வரைபடத்தில் குறித்தால், மழைக்கும் ஊற்றுக்கும் உள்ள தொடர்பு தெளிவாக விளங்கும்.

பயிற்சி வினாக்கள்

1. நீர்மட்டம் 3 மீட்டர் உயர்ந்தால், மேற்கண்ட பரப்பில் சேரும் நீர் எவ்வளவு?
2. அதே உயர்வு மணற்பாங்கான வண்டல் நிலத்தில் ஏற்பட்டால் விடை எவ்வாறு மாறும்?
3. இறைத்த உடனே அளப்பதால் எத்தகைய பிழை நேரும்?